வலிக்காத ஊசி

“குழந்தைக்கு வலிக்கவே கூடாது. அந்த மாதிரி ஊசியாப் பாத்துப் போடுங்க” என்றார் பெரியவர்.

ஊசிக்காரர் முனையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “கவலைப்படாதீங்க சார். போட்டதே தெரியாது.”

பெரியவரின் மனைவி சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துண்டு, பச்சைப் பிள்ளையைச் சுற்றியது போல. பெரியவர் அதைப் பதமாக வாங்கிப் பிரித்தார். உள்ளே ஒரு சின்ன ரெக்கார்டு.

பழைய ரெக்கார்டு பிளேயர்களைத் தவிர வேறெதற்கும் அந்தக் கடையில் வைத்தியம் கிடையாது. ஊர் முழுக்க ‘ஊசிக்காரர்’ என்றே கூப்பிட்டதால், காய்ச்சலோடு வந்து நின்றவர்களும் உண்டு.

மேஜை மேல் பெரியவரின் பிளேயர் புது மாப்பிள்ளை போல் மினுங்கியது. மோட்டார் சரியாகிவிட்டது, மரப்பெட்டிக்கு மெருகேற்றியாகிவிட்டது. ஊசியைத் தாங்கிப் பிடிக்கும் கைதான் துருவேறி வளைந்து போயிருந்தது. அதற்குப் பதிலாக, பார்வைக்கு ஒன்றுபோலிருந்த இரண்டு கைகளை எடுத்து வைத்திருந்தார் ஊசிக்காரர்.

“இந்த லேசான கை இறகு மாதிரி உட்காரும் சார். முனையில ஊசியை வச்சிருக்கிற கார்ட்ரிஜும் இதுக்குத் தோதானது. உங்க காலத்துக்கும் குரல் அப்படியே இருக்கும்.”

“அது?” பெரியவர் பக்கத்திலிருந்த மற்றதைக் காட்டினார்.

“அது கனம். அந்தக் காலத்துக் கெட்டி ரெக்கார்டுக்குச் செஞ்சது. உங்களுது பொருட்காட்சியில கூண்டுக்குள்ள நின்னு பேசப் பேச அங்கேயே பதிஞ்சு கொடுத்தது, மெழுகு மாதிரி இருக்கு. அதுல இதை வச்சா ஏர் ஓட்டினாப்ல உழுதுடும். கொஞ்ச நாள்ல குரல் போய் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.”

பெரியவர் அந்தக் கனத்த கையை, தேளைத் தள்ளுவது போல் ஒரு விரலால் தள்ளி வைத்தார். கடைக்குள் வந்ததிலிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி, முதல் தடவையாக நிமிர்ந்து அதைப் பார்த்தார்.

“எங்க பொண்ணு பேசினது” என்றார் பெரியவர். “ஒன்பது வயசுல போயிட்டா. இப்படி ஒண்ணு இருக்கிறதே மறந்து போச்சு. போன வருஷம் வீடு மாத்தும்போது பரண்ல கிடைச்சுது. பக்கத்து வீட்டு பிளேயரை வாங்கித் தினமும் போடுறேன். இப்போ லேசா கரகரங்குது. பயந்துட்டேன். இதைக் கேக்காம இவளால இருக்க முடியாதுங்க.”

ஊசிக்காரர் லேசான கையை மாட்டினார். மூச்சை அடக்கி ஊசியை இறக்கினார்.

முதலில் தூறல் போல் ஒரு சத்தம். பிறகு ஒரு குழந்தை மூச்சிழுப்பது கேட்டது. அதன் பிறகு குரல், முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிடுவது போல.

“அம்மா... எங்கம்மா இருக்கே? நான் இங்க இருக்கேன். சீக்கிரம் வாம்மா...”

ஊசிக்காரர் தன்னையறியாமல் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

“இதோ வந்துட்டேண்டா கண்ணு” என்றார் அந்த அம்மாள். நாற்காலியை விட்டுப் பாதி எழுந்திருந்தார்.

குரல் நின்றது. ரெக்கார்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

“முடிஞ்சுதா?” என்று கேட்டார் அம்மாள்.

“பாத்தீங்களா?” பெரியவரின் கண் கலங்கியிருந்தது. “முடிஞ்ச உடனே கேப்பா. உடனே மறுபடி போட்டுடுவேன். வேற யார்கிட்டயும் இவ இப்படி வாயைத் திறக்கிறதே இல்ல.” அவரே ஊசியைத் தூக்கி மறுபடி ஆரம்பத்தில் வைத்தார்.

அம்மாள் மறுபடியும் பாதி எழுந்தார். மறுபடியும், “இதோ வந்துட்டேண்டா.”

“இந்தக் கையே இருக்கட்டும். முறுக்கிக் கொடுத்துடுங்க. நான் போய் வண்டியை எடுத்துட்டு வரேன்.” பெரியவர் வெளியே போனார்.

அம்மாள் மெல்ல நடந்து மேஜைக்கு வந்தார். இன்னொரு தடவை கேட்க ஆசைப்படுகிறார் போலும் என்று ஊசிக்காரர் பிளேயர் பக்கம் கையை நீட்டினார். அம்மாள் ஊசிக்காரரின் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன.

“தம்பி, அந்தக் கனமானதை மாட்டிடுங்க. அவருக்கு வித்தியாசம் தெரியாது.”

ஊசிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அம்மா, நான் சொன்னது உங்களுக்குப் புரியலையோ? அதைப் போட்டா உங்க பொண்ணு குரல் தேஞ்சே போயிடும்.”

“புரிஞ்சுதுப்பா. உடைச்சுப் போடலாம்னு எத்தனையோ தடவை கையில எடுத்தேன். எனக்காகத்தானே இவ்வளவு பாடுபடுறார், மனுஷன் நொறுங்கிடுவார். அதுவாத் தேஞ்சு போகட்டும்.”

தெருமுனையில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. ஊசிக்காரர் வாசலை ஒரு தடவை பார்த்தார். பிறகு திருப்புளியை எடுத்து, லேசான கையைக் கழற்ற ஆரம்பித்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

“பெத்த பொண்ணு குரலாச்சே. கேக்க வேண்டாம்னு எப்படிம்மா இருக்கு உங்களுக்கு?”

“தினமும் கூப்பிடுறா தம்பி. நான் எங்கேன்னு போவேன்?”