தாடி வைத்த மயில்

ஒரு பட்டுத் தறியில் மயில் ஒன்று கால், வயிறு, தோகை என்று வளர்ந்து கழுத்துவரை வந்திருந்தது. குறுக்கே ஓடி நூல் போடுகிற நாடாவுக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு.

"என்னடா தம்பி, உடம்பெல்லாம் தாடி? நீ மயிலா, கரடியா?"

மயில் தன்னைப் பார்த்துக்கொண்டது. நிஜந்தான், மேலெல்லாம் ஜரிகை இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அலகு நெய்வதற்கு முன்பே அதற்கு அழுகை வந்துவிட்டது. "இந்த லட்சணத்துக்குத் தலை வேறயா?" என்று இழையை இறுக்கி இறுக்கி அறுத்தது. நெய்கிற செண்பகவல்லி முடிச்சுப் போட்டு அலுத்துப்போனாள். மயிலையே பிரித்துவிடலாம் என்று ஊசியை எடுத்தாள்.

தறிக்கு அடியிலிருந்த பல்லி பதறியது. "ஐயையோ! சேலையைக் கவிழ்த்துப்போட்டு நெய்யறாங்க. முன்பக்கம் என் பக்கம்தான் இருக்கு. கண்ணு பட்டுடும், அவ்வளவு அழகு!"

"பல்லிப் பலனெல்லாம் நான் பார்க்கிறதில்லை" என்றது நாடா. ஆனாலும் மனசு கேட்கவில்லை. தறியை விட்டுத் துள்ளி, கீழே நெய்கிறவள் கால் வைக்கிற பள்ளத்தில் மல்லாக்க விழுந்தது. கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டு கிடந்தது.

செண்பகவல்லி ஊசியை வைத்துவிட்டு நாடாவை எடுத்துத் தூசி தட்டினாள். "முருகா, இன்னும் ஒரு தரம் ஓட்டிப் பார்க்கிறேன்" என்றாள்.

"என்னண்ணே தெரிஞ்சுது?" என்று மயில் பயந்து பயந்து கேட்டது.

"ஒரே இருட்டு" என்றது நாடா. "சரி சரி, கழுத்தை நிமிர்த்து. கொண்டை கோணலாப் போச்சுன்னா ஊரே என்னைத்தான் ஏசும்."