அதே கஷாயம்

மல்காஜ்கிரியில் சுகர் ஏறி இறந்துபோன தங்கை வைதேகியின் காரியங்கள் முடிந்து வீடு திரும்பியும் கோமளாவின் அழுகை ஓயவில்லை.

"நான் மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டு ஆவாரம்பூ கஷாயம் மட்டும்தானே குடிக்கறேன்? ரெண்டு வருஷமா சுகர் நார்மல். அதைப் பார்த்துத்தான் அவளும் மாத்திரையை நிறுத்தினா. 'அத்திம்பேர்கிட்ட சொல்லாதே, திட்டுவார்'னு சொன்னா, நானும் உங்ககிட்ட சொல்லலை. அதே பூ, அதே பக்குவம். அவளுக்கு மட்டும் ஏன் கேக்கலை, சொல்லுங்கோ?"

கணவர் நாராயணஸ்வாமி சமையலறைக்குப் போனார். தினமும் அவர்தான் அவளுக்குக் கஷாயம் வைப்பார். இன்றும் கொதிக்கவைத்து, வடிகட்டி, டம்ளரில் ஊற்றினார்.

பிறகு, கோமளாவுக்குத் தெரியாமல் இரண்டு வருடமாகச் செய்வதுபோல, சுகர் மாத்திரையைப் பொடித்து அதில் கலக்கினார்.

இன்று டம்ளரை அவளிடம் நீட்டியபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.