ஐந்து வரவேற்பு அட்டைகள்

ஒரு சர்ச்சின் கடைசி பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. அது ஆடுவதால் யாரும் அதில் உட்காருவதில்லை. கல்லூரி விடுதியிலிருந்து பெனினா என்ற பெண் வந்து உட்கார்ந்ததும் அதற்குத் தலைகால் புரியவில்லை.

"புதிதாக வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார் போதகர். பெனினா எழுந்து பேரும் ஊரும் சொன்னாள். சபையார் கைதட்டி ஒரு வரவேற்பு அட்டை கொடுத்தார்கள். அவள் அதை மடித்துக் குட்டைக் காலுக்கு அடியில் வைத்தாள்.

அடுத்த ஞாயிறும் போதகர் அவளைப் பார்த்து அதையே சொன்னார்; அதே கைதட்டல், இன்னொரு அட்டை, அதுவும் குட்டைக் காலுக்கு அடியில். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

"ஏம்ப்பா, அஞ்சு வாரமா வர்ற பிள்ளை எப்படிப் புதுசு?" என்று பெஞ்சு தன்மேல் கிடந்த பாட்டுப் புத்தகத்தைக் கேட்டது.

"சும்மா கிட. எவ்வளவு ஆசையா கைதட்டுறாங்க!"

"வெளியே போகும்போது ஒருத்தரும் பேசலையே. விடுதியில இன்னைக்கு மத்தியானச் சாப்பாடு கிடையாதுன்னு முனகிக்கிட்டே போனா. இனிமே வருவாளா?"



ஆறாம் ஞாயிறு போதகர் புதியவர்களை அழைத்தபோது யாரும் எழவில்லை. "ஸ்தோத்திரம்! இன்றைக்கு எல்லாரும் நம்ம ஆட்கள்தான்" என்றார். சபை கைதட்டியது.

பெஞ்சுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐந்து அட்டைகளின் மேல் அது கொஞ்சமும் ஆடாமல், காலியாக நின்றது.