எதிர்வீட்டு அழைப்புமணி

மறுபடியும் எதிர்வீட்டு மணிதான் அடித்தது.

தோப்ரிலா கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். மிலேட்டா வாத்தியார் கையில் ஒயின் பாட்டிலோடு நின்றார். பின்னால் அவர் மனைவி பூச்செண்டோடு. போன வருஷம் இதே ஜோடி முதலில் இந்த வீட்டுக்குத்தான் வந்தது.

"போறதைப் பாரு! இந்தப் பக்கம் ஒரு கதவு இருக்கிறதே கண்ணுக்குத் தெரியல."

அன்று புனித நிக்கோலா திருநாள். இரண்டு வீட்டுக்கும் குடும்பப் புனிதர் அவர்தான். அன்றைக்கு யாரையும் கூப்பிடும் வழக்கமில்லை. வருகிறவர்கள் தாமாக வரவேண்டும். ஏன் வரவில்லை என்று சண்டை போடவும் முடியாது. மேஜையில் வறுத்த மீன் ஆறிக்கொண்டிருந்தது. திருநாள் மெழுகுவத்தி பாதி கரைந்துவிட்டது.

எல்லாம் அந்த நெவேனாவால் வந்தது. எதிர்வீட்டு ஸ்பொமென்காவின் மகள். கல்லூரிப் பிள்ளைகள் நாற்சந்தியில் மௌனப் போராட்டமாக நின்றபோது, முகத்தை மூடிக்கொண்டு வந்த சிலர் கம்பால் அடித்ததில் அவளுக்குக் கை முறிந்தது. அன்றிலிருந்து ஊரே அவளைத் தலையில் வைத்துக் கூத்தாடுகிறது.

டிவியில் மேயர் பேசிக்கொண்டிருந்தார்.

"தாக்குதல் என்று எதுவும் நடக்கவில்லை. சிலர் நின்றார்கள், சிலர் அவசரமாகப் போனார்கள். கூட்டம் என்றால் மேலே படத்தானே செய்யும்? கம்புகள் எப்படி வந்தன என்பதை நிபுணர் குழு ஆராயும்."

"கம்பு காலாற நடந்து வந்துச்சு போல," என்றார் புருஷன் புதிமீர்.

"அடிச்சவன் பேரைச் சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கான்?"

தோப்ரிலாவின் திட்டு மேயருக்கு. வயிற்றெரிச்சல் என்னவோ எதிர்வீட்டைப் பார்த்துத்தான். இதோ, லிஃப்ட் நின்றது. மறுபடி அங்கேதான் சிரிப்புச் சத்தம்.

"ஏங்க, அந்த அடி நம்ம ரேல்யா மேல விழுந்திருக்கக் கூடாதா?"

"வாயைக் கழுவுடி! பெத்த பிள்ளையைப் போய்..."

"பின்ன என்ன? மேயர் கட்சிக்காரங்க கையில காலில விழுந்து குடிநீர் ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்திருக்கான் என் பிள்ளை. யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? அவ கையை ஒடிச்சுக்கிட்டா, வீடு கொள்ளாம விருந்தாளி! நமக்கும் ஒரு கட்டு இருந்திருந்தா இந்த மீன் ஆறியிருக்குமா?"

தண்ணீர் குடிக்க வந்த ரேல்யா இதைக் கேட்டு அப்படியே நின்றான். பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கொஞ்ச நாளாகவே காய்ச்சல் என்று படுத்துக்கிடக்கிறான். அதையும் யாரும் விசாரிக்கவில்லை.

திடீரென்று இவர்கள் வீட்டு மணி அடித்தது.

தோப்ரிலா முந்தானையைச் சரிசெய்வது போல ஏப்ரனை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினாள். வாசலில் நெவேனா. கையில் மாவுக்கட்டு.

"திருநாள் வாழ்த்து, அத்தை!"

"வாம்மா மகாராணி. உங்க வீட்டுல உட்கார இடமில்லையாக்கும்?"

நெவேனா சிரித்தாள். வருகிறவர்கள் முதலில் ருசிக்கவென்று வைத்திருந்த சர்க்கரைக் கோதுமையில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"எல்லாரும் இங்க வர்றாங்க அத்தை. 'என் வீட்டுல சாப்பிட்டது போதும், தோப்ரிலா வீட்டுலயும் மெழுகுவத்தி எரியுது'ன்னு அம்மா கிளப்பிக் கூட்டிட்டு வர்றாங்க."

தோப்ரிலாவுக்குச் சுருக்கென்றது. விருந்தாளியைக்கூட இப்போது அவள் பார்த்து அனுப்பவேண்டியிருக்கிறது!

"அது கிடக்கட்டும். உன்னை அடிச்சவன் யாருன்னு போலீஸ்ல சொன்னியா?"

"முகத்தை மூடியிருந்தாங்க அத்தை."

"நீயும் மேயர் மாதிரியே மழுப்பு! நானா இருந்தா அவன் பேரை அந்த நாற்சந்தியிலயே நின்னு கத்தியிருப்பேன். அவனைப் பெத்தவ வீடு தேடிப் போய், என்னத்தைப் போட்டுடி வளர்த்தேன்னு கேட்டிருப்பேன்!"

நெவேனா முகம் சுருங்கிப் போயிற்று. பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு கம்பளிக் குல்லாயை எடுத்து நீட்டினாள்.

நீலக் குல்லாய். விளிம்பில் இரட்டைப் பின்னல். போன குளிர்காலத்தில் தோப்ரிலா தன் கையால் பின்னியது.

"அடிச்சவன் ஓடும்போது விழுந்துச்சு. என்னைத் தூக்க வந்த அம்மா, போலீஸ் கண்ணுல படறதுக்குள்ள எடுத்து ஒளிச்சுட்டாங்க. துவைச்சாச்சு. ரத்தக் கறைதான் லேசில போகல."

தோப்ரிலா குல்லாயை வாங்கி அந்தக் கறையைத் தடவிப் பார்த்தாள்.

"ரேல்யாவுக்கு ஞானஸ்நானத்துல அம்மாதானே ஞானத்தாய்? தன் வாயால காட்டிக் கொடுக்க மாட்டாங்களாம். 'அவனே போய்ச் சொல்லுவான், இல்லேன்னா தோப்ரிலா சொல்ல வைப்பா. அவ நியாயஸ்தி'ன்னு சொன்னாங்க."

புதிமீர் டிவியை அணைத்தார்.

அதற்குள் விருந்தாளிகள் திமுதிமுவென்று உள்ளே வந்துவிட்டார்கள். கன்னம் மாற்றி மூன்று முத்தம், கூச்சல், வாழ்த்து. மாலை முழுக்க அவள் ஏங்கிய கூட்டம். எல்லாருக்கும் பின்னால் ஸ்பொமென்கா, இவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மிலேட்டா வாத்தியார் தோப்ரிலாவின் கையிலிருந்த குல்லாயைக் கவனித்தார்.

"அடடா, என்ன அழகான பின்னல்! யாரோட குல்லாய்மா இது?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ரேல்யாவின் அறைக் கதவு ஒரு விரற்கடை திறந்தது.

தோப்ரிலா குல்லாயைச் சுருட்டி ஏப்ரன் பைக்குள் திணித்தாள்.

"யாருதுன்னு தெரியல சார்," என்றாள். "ஏதோ வாசல்ல கிடந்துச்சு. நீங்க உட்காருங்க, மீன் ஆறுது."