பவானி கேஸ்

“கையெழுத்தா? ஒரு கொலைகாரனுக்கு நான் எதுக்கு சார் கையெழுத்துப் போடணும்?”

ராணியம்மாள் பேனாவைத் தள்ளிவிட்டாள். ஏட்டு வேடியப்பன் வாய்வரைக்கும் கொண்டுபோன டீ டம்ளரை அப்படியே நிறுத்தினார்.

முந்தின நாள் பௌர்ணமி. ராத்திரி முழுக்க அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவல பந்தோபஸ்தில் நின்று அவருக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஒரே ஒரு பாஸ்போர்ட் விசாரணை, அதை முடித்தால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்றுதான் செங்கம் ரோட்டுச் சந்துக்குள் வண்டியைத் திருப்பினார். மாடி ரூமில் குடியிருக்கும் மாறனுக்குச் சிங்கப்பூரில் எலக்ட்ரீஷியன் வேலை தயார். வீட்டுக்காரம்மா ‘நல்ல பையன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், பையன் பிளேன் ஏறிவிடுவான். அந்தம்மாவோ இப்படிக் குண்டைத் தூக்கிப் போடுகிறாள்.

“இன்னாம்மா சொல்றே? யாரைக் கொன்னான்?”

“பவானின்னு ஒரு பொண்ணு சார். தங்கமான பொண்ணு. லாரியில போய்க்கினு இருக்கச்சே பின்னாடியிருந்து சுட்டுட்டான். கூடவே சுத்தின பய சார்! எப்படித்தான் மனசு வந்துச்சோ.”

“அக்கா, வேணாங்க்கா. நமக்குள்ள பேசித் தீத்துக்கலாம்,” என்றான் மாறன். முகம் வெளுத்துப்போயிருந்தது. “இந்த வாரம் ரிப்போர்ட் போகலன்னா என் வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கக்கா.”

“கம்முனு இருடா. ஒரு வாரமா பேசினேனே, காதுல வாங்கினியா?”

ஏட்டுக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. அவருக்கு முதலில் வந்த கவலை வேறு. “எந்த ஸ்டேஷன் லிமிட்டுல நடந்துச்சு?”

“நம்ம லிமிட் இல்ல சார்,” என்றான் மாறனின் ரூம்மேட் சீவகன். அந்த மட்டும் ஏட்டுக்கு நிம்மதி.

“பொணம் எங்கடா?”

“அங்கயே ரோட்டோரமா தள்ளிட்டு லாரியை எடுத்துட்டுப் போயிட்டானுங்க,” என்று ராணியம்மாள் முந்திக்கொண்டாள். “ஒரு பிடி மண்ணு கூடப் போடல, பாவிங்க!”

“எதால சுட்டான்?”

“சுவிஸ் துப்பாக்கி சார். தோட்டா இருக்கற மேகசினை அப்படியே முன்பக்கமா மடக்கி விட்டுடலாம். பையில போட்டா வெளிய தெரியாது. ட்ரிகரை அமுத்தினா தடதடன்னு கொட்டும். துப்பாக்கியும் அவளுதுதான். பாத்துட்டுத் தரேன்னு வாங்கி, அதாலயே சுட்டான்.”

வேடியப்பன் தன் சர்வீசில் தொட்டதெல்லாம் லத்தியும், தூக்கினால் தோள்பட்டை இறங்கும், சுடப்போனால் ஜாம் ஆகி நிற்கும் பழைய ரைபிளும்தான். மடக்குகிற துப்பாக்கியை அவர் கேள்விப்பட்டதுகூட இல்லை.

“இவ்ளோ விவரம் உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“பக்கத்துலதானே சார் இருந்தேன்!”

சாட்சியே கிடைத்துவிட்டது. ஏட்டு எழுந்து பெல்ட்டை இறுக்கினார். “டேய், எங்கடா அந்தத் துப்பாக்கி?”

மாறன் தலையைக் குனிந்துகொண்டான். சீவகன்தான் மாடிக்கு ஓடி, பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் கவிழ்த்தான். தேரடி வீதியில் வாங்கிய பரமபதப் பெட்டியின் பகடைகள் மூன்று உருண்டன. கூடவே பென்சில், கட்டம் போட்ட தாள்கள், படம் போட்ட இங்கிலீஷ் புத்தகம் ஒன்று. அதைப் பிரித்து ஒரு படத்தைக் காட்டினான்.

“இதான் சார் துப்பாக்கி.”

“போலீஸ்காரன்கிட்டயே விளையாடறியா?”

“விளையாட்டுதான் சார்! ஆசிரமத்துக்கு வந்த சுவிஸ்காரர் ஒருத்தர் கீழ் ரூம்ல தங்கியிருந்தாரு. இந்தப் புத்தகத்தைக் குடுத்து அவர் சொல்லிக்குடுத்த ஆட்டம். நான் கதை சொல்லுவேன். ஆடறவங்க ஆளுக்கொரு வேஷம். யாரைச் சுடறோம்னு வாயால சொல்லிட்டு மூணு பகடையும் போடணும். பதினஞ்சுக்கு மேல விழுந்தா எதிராளி காலி.”

“அமைதி தேடி வந்த மனுஷன் குடுத்துட்டுப் போற பொருளாடா இது?”

“அவங்க ஊரு துப்பாக்கின்னு அவருக்கு ஒரே பெருமை சார்.”

“அப்ப அந்த பவானி?”

சீவகன் ஒரு தாளை எடுத்து நீட்டினான். மேலே ‘பவானி’ என்று எழுதி, குறுக்கே சிவப்புக் கோடு அடித்திருந்தது. ஏட்டு அதைப் பார்த்தார், மாறனைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்த கையோடு ஆசைக்குப் பகடையை வாங்கி உருட்டியும் பார்த்தார். மூன்றிலும் ஒன்று விழுந்தது.

“மூணும் ஒண்ணா? உங்க துப்பாக்கி ஜாம் ஆயிடுச்சு சார்,” என்றான் சீவகன்.

“இங்கயும் அதே கதியா?” என்று பகடையை வைத்துவிட்டு, பேனாவை எடுத்து ராணியம்மாளிடம் நீட்டினார். “ஏம்மா, பசங்க விளையாடறதை ஒட்டுக்கேட்டுட்டு நிஜம்னு பயந்துட்டியா? இவன் பொழப்பே உன் கையிலதான் இருக்கு. யாரும் சாகல, கையெழுத்தைப் போடு.”

மாறன் அப்போதும் தலை நிமிரவில்லை.

“யாரும் சாகலியா?” ராணியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “அந்த பவானியே நான்தான் சார்! எனக்கு உயிரையும் என் துப்பாக்கியையும் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க, இப்பவே போடறேன் கையெழுத்து!”