மடியில் வந்தது

மீன் சேரும் பையான இழுவலையின் மடி தண்ணீரை விட்டு மேலே வந்ததும் தளத்தில் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள்.

துள்ளும் காட் மீன்களுக்கு நடுவே, கறுப்பாய், உருண்டையாய், கொம்புகளோடு ஒரு கண்ணிவெடி.

வலையைத் தூக்கும் வின்ச்சின் பிரேக் வில்ஃப் அட்டிங்கின் கையில் இருந்தது. கை நழுவினால் மடி தளத்தில் விழும். விழுந்தால் படகில் இருக்கும் ஏழு பேரில் ஒருவருக்கும் புதைக்க உடம்பு கிடைக்காது.

போருக்கு முன் இதே படகில் மீன் பிடித்தவர்கள்தான். இப்போது கடற்படைச் சம்பளம். சரக்குக் கப்பல்கள் போகும் வழியில் ஜெர்மன்காரன் போட்ட கண்ணிவெடிகளை வாரி எடுப்பது வேலை. வேலை நேரத்தில் வலை போடக் கூடாதுதான். லோஸ்டாஃப்ட் துறைமுகத்தில் மீன் விற்கிற விலைக்கு யார் கை சும்மா இருக்கும்?

"வில்ஃபு, நடுங்குற கையோட தும்மிக்கிம்மித் தொலைச்சிடாதடா" என்றார் கேப்டன் மாப்ஸ்.

"நடுங்குறது நானில்ல கேப்டன், உங்க படகு."

பொய். இப்படிப் பயந்ததே இல்லை அவன்.

ஒவ்வொரு அலைக்கும் மடி ஊசலாடிப் படகின் இரும்பு விளிம்பை நெருங்கியது. ஒரு கொம்பு நசுங்கினால் போதும், வெடித்துவிடும்.

படகு வெளிப்பக்கமாகச் சாய்ந்த நொடியில் வில்ஃப் பிரேக்கைத் தளர்த்தினான். மடி சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது. மாலுமி ஏப்லெட் கோடாரியால் வடங்களை வெட்டிவிட்டான். படகு விழுந்தடித்துக்கொண்டு விலகி ஓடியது.

வெடிக்கவில்லை.

ஏப்லெட் அப்படியே உட்கார்ந்து அழுதான். "போச்சு, இன்னைக்கும் டின் கறிதான்" என்றான் சமையல்காரன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வில்ஃபுக்குச் சிரிப்பு வரவில்லை. படகின் இருபுறமும், கப்பல் வழியின் எல்லையைக் காட்டும் மிதவைகள் தெரிந்தன.

காலையில் வாரி முடித்து, வழி சுத்தம், கப்பல்கள் வரலாம் என்று கரைக்குச் செய்தி கொடுத்தது இவர்கள்தான். பிறகு வழிக்கு வெளியே போய் வலை போட்டார்கள். இழுத்த சுவாரஸ்யத்தில் மிதவைகளைத் தாண்டி உள்ளே வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

எங்கோ கிடந்ததை வழியின் நடுவில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

தெற்கே புகை தெரிந்தது. ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு டஜன் கப்பல்களாவது இருக்கும். கொடி காட்டினாலும் அவ்வளவு பெரிய கப்பல்கள் நினைத்த இடத்தில் நிற்காது.

கேப்டனும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"வெடி வாருற கம்பிய இறக்குங்கடா. படகத் திருப்பு."

வில்ஃப் மறுபடி பிரேக்கைப் பிடித்தான்; படகு மடியை விட்ட இடத்துக்கே திரும்பியது.