கடைசி இரண்டு கிலோ

"எண்பத்திரண்டு. போன வாரமும் இதேதான் சார். இந்த முள்ளுக்கு உங்களைப் பார்த்தா நகரவே மனசு வராது போலிருக்கு" என்றார் டயட்டீஷியன் மேடம்.

ஸ்டோர்கீப்பர் எடை மெஷினிலிருந்து மெதுவாக இறங்கினார். வேகமாக இறங்கினால் பேண்ட் பாக்கெட்டுகள் சத்தம் போடும். இரண்டிலும் கைக்குட்டையில் சுற்றிய போல்ட்டுகள், மொத்தம் இரண்டு கிலோ.

கம்பெனியின் ஆரோக்கிய உணவுத் திட்டத்தில் பதினான்கு பேர் சேர்ந்திருந்தார்கள். புதன்கிழமை மதியம், கேன்டீனை ஒட்டிய சின்ன அறை. மேடம் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் திருகைத் திருகி, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டுத்தான் ஏறச் சொல்வார். அதில் ஏகக் கண்டிப்பு. பிறகு அந்த வாரம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். இலக்கைத் தொட்டவருக்கு ஒரு சான்றிதழ், அத்தோடு வரத் தேவையில்லை. பதிமூன்று பேர் அதை வாங்கிக்கொண்டு போய்ப் பழையபடி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிட்டார்கள். மிச்சம் இவர் ஒருவர்தான். இலக்கு எண்பது கிலோ.

அதைத் தொட்டு இரண்டு மாதம் ஆகிறது. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாகிவிட்டது. உடம்பு குறையக் குறைய, பாக்கெட்டில் போல்ட் ஏறியது.

ஏமாற்ற வேண்டும் என்று ஆசையா என்ன? வீட்டில் இவரோடு பேசுவது குக்கர் ஒன்றுதான். அதுவும் மூன்று விசிலோடு நிறுத்திக்கொள்ளும். சாப்பிட்டீங்களா என்று இவரைக் கேட்கிற ஒரே குரல் இந்த அறையில்தான் இருந்தது. அது போய்விடக்கூடாது, அவ்வளவுதான்.

ஆள் குறைந்த பிறகு, பத்து நிமிடம் முக்கால் மணி நேரமாக நீண்டது. எப்படி மென்று சாப்பிட வேண்டும் என்று காட்டுவதற்காக மேடம் தன் டப்பாவையும் அங்கேயே திறந்தார். வெள்ளரித் துண்டுகளை இவர் பக்கம் நகர்த்துவார். ஞாயிற்றுக்கிழமை பொழுது எப்படிப் போனது என்றுகூட ஒருமுறை கேட்டார். படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது.

அன்று மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"மேடம், அடுத்த புதன்கிழமை இவர் எண்பதைத் தொடலைன்னா உங்களுக்குத் தர்றதா இருந்த பெரிய கிளையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம். அங்க இருநூறு பேர். அப்புறம் நீங்க இங்க இந்த ஒருத்தரையே கட்டிக்கிட்டு அழ வேண்டியதுதான்."

மேடம் "பார்க்கலாம் சார்" என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவு ஸ்டோர்கீப்பருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் தனிமைக்காக அந்த அம்மாவின் பிழைப்பில் மண்ணள்ளிப் போடுகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை, போல்ட்டுகளை ஸ்டோரில் அவற்றின் பெட்டியிலேயே கொட்டிவிட்டுக் கிளம்பினார். பாக்கெட்டுகள் தொடையோடு ஒட்டிக் கிடந்தன. அறை வாசலில் நின்று, இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனார்.

மேடம் இவரை மேலும் கீழும் பார்த்தார். பார்வை பாக்கெட்டில் ஒரு கணம் நின்றது.

"ஷூவைக் கழட்டிட்டு வாங்க சார்."

இவர் குனிந்து லேஸை அவிழ்த்தார். அவரும் வழக்கம்போல மெஷின் பக்கம் குனிந்தார்.

இவர் ஏறி நின்று கண்ணை மூடிக்கொண்டார். "இத்தனை வாரம் உங்களை அலைய வெச்சுட்டேன் மேடம். மன்னிச்சுக்குங்க. இன்னியோட முடிஞ்சுடும்."

"கண்ணைத் திறந்து பாருங்க."

முள் எண்பத்திரண்டில் நின்றது.

இவருக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடி ஏறிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, மேடம் பதிவேட்டில் எண்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு தன் டப்பாவைத் திறந்து இரண்டு நாற்காலிக்கும் நடுவில் வைத்தார்.

"இனிமே அந்தப் போல்ட்டையெல்லாம் சுமந்துக்கிட்டு வராதீங்க சார்" என்றபடி குனிந்து, மெஷினுக்குப் பின்னால் இருந்த திருகை இரண்டு கோடு பின்னுக்குத் திருப்பி வைத்தார்.